எத்தனை பேரில் எத்தனை பேர்? மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தோம். கர்ப்பமான முதல் மூன்று மாதங்களுக்குள் ஒரு முறையாவது செக்கப்புக்குப் போன பெண்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. இந்தியா முழுக்க 70, தமிழ்நாடு 77-ஐ ஒட்டி, மகாராஷ்டிரா 71-ஐ ஒட்டி, பீகார் 53-ஐ ஒட்டி. கட்டத்தில் இருந்தது அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு மும்பைத் தமிழர்கள் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பகுதியின் பெயரை மட்டும் போடுகிறோம்.

கேள்வி: மகாராஷ்டிராவுக்கு 71 என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து ஹெல்த் போஸ்ட்டில் (மாநகராட்சியின் சின்ன சுகாதார நிலையம்) மாட்டியிருந்த அட்டவணையில் 90 என்று எழுதியிருந்தது. இரண்டும் அரசாங்கக் கணக்குதானே, இதில் எது பொய்? (வாசகர், செம்பூர்)

இரண்டும் பொய் இல்லை. எதால் வகுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நாங்கள் போட்ட 71, தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் வந்தது, 2019 முதல் 2021 வரை நடந்த சுற்று. 1992-93இல் நடந்த முதல் சுற்றிலிருந்து இதை நடத்துவது உங்களுக்குப் பக்கத்தில், தேவனாரில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்தான். கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில் போகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்திருப்பார்கள். இந்த ஆய்வில் வீடு வீடாகப் போய், கடந்த ஐந்து வருஷத்தில் பிள்ளை பெற்ற பெண்ணிடம் கடைசிப் பிரசவத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். முதல் செக்கப்புக்கு எத்தனையாவது மாதத்தில் போனீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி. ஒரு தடவைகூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத பெண்ணும் அந்த வகுக்கும் எண்ணுக்குள் இருக்கிறாள், கவனியுங்கள்.

ஹெல்த் போஸ்ட் அட்டவணை அப்படி வருவதில்லை. அது பதிவேட்டிலிருந்து வருகிறது. பதிவு செய்த கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்களில் 12 வாரத்துக்குள் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்று மாதாமாதம் மேலே அனுப்புகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் பகுதியில் நிஜமாகவே 100 பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள். 80 பேர் பதிவேட்டில் ஏறினார்கள், அதில் 72 பேர் 12 வாரத்துக்குள் வந்தவர்கள். 72-ஐ 80-ஆல் வகுத்தால் 90 சதவீதம். அதே 72-ஐ 100-ஆல் வகுத்தால் 72 சதவீதம். வரவே வராத 20 பேர் முதல் கணக்கில் கிடையாது. வகுப்புக்கு வந்த பிள்ளைகளை மட்டும் எண்ணி வருகை நூறு சதவீதம் என்று எழுதுவது மாதிரி இது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது, ஏனென்றால் நாம் தேடவேண்டியது அந்த 20 பேரைத்தான்.

அந்த 100 என்பது எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பகுதியின் மக்கள்தொகையைப் பிறப்பு விகிதத்தால் பெருக்கி, கருச்சிதைவுக்கும் இறந்து பிறப்பதற்கும் சேர்த்து 10 சதவீதம் கூட்டுவார்கள். 5,000 பேர் உள்ள பகுதி, ஆயிரத்துக்கு 25 பிறப்பு என்றால், வருஷத்துக்கு 125 குழந்தைகள், கூட 10 சதவீதம், ஆக 137 அல்லது 138 கர்ப்பம் இருக்கவேண்டும். செவிலியர் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இதுதான், கிராமத்துக்கு ஓரளவு சரியாகவும் வரும். மும்பையில்தான் இது தடுமாறுகிறது. மகாராஷ்டிராவின் பிறப்பு விகிதம் இப்போது ஆயிரத்துக்கு 15-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த ஒரே எண்ணை மாட்டுங்காவுக்கும் கோவண்டிக்கும் போட்டால் என்ன ஆகும்? மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் இருப்பது தாத்தா பாட்டி; எதிர்பார்க்கும் கர்ப்பங்கள் நிஜத்தைவிட அதிகமாகிவிடும். கோவண்டியின் குடிசைப் பகுதிகளில் புதிதாகக் கல்யாணமானவர்கள் நிறைய. அங்கே எதிர்பார்ப்பு நிஜத்தைவிடக் குறைந்துபோகும், அதனால் கவனிப்பு நன்றாக நடப்பதுபோல ஒரு தோற்றம் வரும். மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பை வைத்து நீட்டிப் போட்டதுதான், 2021இல் நடக்கவேண்டியது தள்ளிப்போனது உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் வார்டில் பதிவு எக்கச்சக்கமாக ஏறும். சயான், பரேல் பக்கம் பெரிய மாநகராட்சி ஆஸ்பத்திரிகளுக்குத் தானேவிலிருந்தும் நவி மும்பையிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள், பதிவு அந்த ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தின் கணக்கில் விழுகிறது. எதிர்பார்த்த கர்ப்பத்தைவிடப் பதிவு அதிகமாகி, 100 சதவீதத்தைத் தாண்டியும் போகலாம். அடுத்த தடவை அட்டவணையைப் பார்க்கும்போது, "இந்த 90, எத்தனை பேரில்?" என்று அங்கிருக்கும் சிஸ்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: அப்படியானால் வீடு வீடாகப் போகும் ஆய்வுதான் சரி, பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? (வாசகர், மாட்டுங்கா)

வேண்டாம். ஆய்வில் விட்டுப்போகிறவர்கள் வேறு ஆட்கள்.

உயிரோடு பிறந்த குழந்தையைப் பற்றித்தான் கேள்வி. ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தவள், இறந்த குழந்தையைப் பெற்றவள், இவர்களின் அந்தக் கர்ப்பம் இந்த 71-க்குள் வராது. பிரசவத்தில் செத்துப்போனவளிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது. செக்கப் தாமதமானதால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்புறம், நாலு வருஷத்துக்கு முன்னால் எந்த மாதத்தில் டாக்டரிடம் போனோம் என்பதை எத்தனை பேர் சரியாக நினைவு வைத்திருப்பார்கள்? "மூணு மாசம் இருக்கும்" என்று சொல்லிவிடுவார்கள், அந்த மூன்றில்தான் எல்லைக்கோடே இருக்கிறது.

மாவட்ட அளவுக்கு இறங்கினால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நாடு முழுக்க 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேல் வீடுகள், 7 லட்சத்து 24 ஆயிரம் பெண்கள் என்பது பிரமாண்டமான வேலைதான், ஆனால் அது 707 மாவட்டங்களுக்குப் பிரிகிறது. ஒரு மாவட்டத்தில் சமீபத்தில் பிள்ளை பெற்ற 200 பேர் சிக்கி, 70 சதவீதம் வந்தது என்று வையுங்கள். உண்மை 64-க்கும் 76-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே தெருவில் கொத்தாக வீடுகளை எடுப்பதால் அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் அகலும். ஆகவே மும்பை நகர மாவட்டம் புறநகர் மாவட்டத்தைவிட மூன்று புள்ளி மேலே என்று யாராவது சண்டை போட்டால் அதில் கலந்துகொள்ளாதீர்கள். முந்தின சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் நடுவில் நாட்டின் அளவு 58.6-லிருந்து 70-க்கு ஏறியது உண்மையான ஏற்றம். தமிழ்நாட்டுக்கும் பீகாருக்கும் இருக்கும் தூரமும் உண்மை. மகாராஷ்டிராவையும் தமிழ்நாட்டையும் ஒப்பிடும்போதுகூட ஒன்றை ஞாபகம் வைக்கவேண்டும்: மகாராஷ்டிராவில் ஆய்வு கொரோனாவுக்கு முன்னால் முதல் கட்டத்தில் முடிந்தது, தமிழ்நாடு இரண்டாம் கட்டம், நடுவில் ஊரடங்கு வந்தது.

ஆய்வு சில வருஷத்துக்கு ஒரு முறை வருவது, பதிவேடு மாதாமாதம் வருவது. எந்தத் தெருவில் ஆள் விட்டுப்போகிறது என்று இன்றைக்குச் சொல்லக்கூடியது பதிவேடு மட்டும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

கேள்வி: என் மருமகளுக்கு எட்டாவது வாரத்திலேயே இங்கே தாய் சேய் கார்டு போட்டு எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு, திருநெல்வேலிக்குப் போனாள். அங்கே புதிதாகப் பதிவு செய்தார்கள், "இவ்வளவு லேட்டா வந்திருக்கீங்களே" என்று திட்டு வேறு. அவள் எந்த ஊர்க் கணக்கு? (வாசகி, தாராவி)

அம்மா, உங்கள் மருமகள் சரியாகத்தான் செய்தாள், அந்தத் திட்டு அவளுக்கு உரியதில்லை. தாராவியில் பாதித் தமிழ் வீடுகளில் நடப்பது இதுதானே, முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதை நாம் விடப்போவதும் இல்லை.

கணக்கில் என்ன ஆகும் என்று சொல்கிறேன். மும்பையில் அவள் முதல் மூன்று மாதத்துக்குள் பதிவானவள், ஒரு நல்ல எண். நெல்லையில் 28-ஆவது வாரத்தில் புதிதாக ஏற்றினால், அங்கே தாமதமாக வந்தவள், ஒரு கெட்ட எண். ஒரே கர்ப்பம், இரண்டு மாநிலத்திலும் வகுக்கும் எண்ணில் ஏறிவிட்டது. மும்பையில் அவள் பிரசவம் நடக்காததால் "பதிவு செய்தாள், அப்புறம் காணோம்" என்றும் ஒரு கோடு விழும். இப்படிப் போகிறவர்கள் அதிகமுள்ள தாராவி மாதிரிப் பகுதியையும், வருகிறவர்கள் அதிகமுள்ள தென் மாவட்டங்களையும் எண்ணை மட்டும் வைத்து எடைபோட்டால் இரண்டு பக்கமும் தவறாகத்தான் வரும். ஆய்வுக்காரர்கள் வந்தாலோ, முந்தின இரவு எந்த வீட்டில் தூங்கினாளோ அந்த ஊரில் கேட்பார்கள். குழந்தையோடு அவள் நெல்லையில் இருக்கும்போது கதவைத் தட்டினால், மும்பையில் கிடைத்த கவனிப்பு நெல்லை மாவட்டத்தின் சதவீதத்தை உயர்த்தும்!

இதைத் தடுக்கத்தான் ஆர்.சி.எச். (தாய் சேய் நலப் பதிவு) எண் என்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிக்மி என்று 2008 முதல் கர்ப்பிணிகளைப் பின்தொடரும் ஒரு முறை இருக்கிறது, அங்கே குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் இந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஆகவே இங்கிருந்து கிளம்பும்போதே மும்பைக் கார்டில் அந்த எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லா ரத்தப் பரிசோதனைச் சீட்டும், முதல் ஸ்கேனும் அவள் கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போட வேண்டாம். அங்கே போனதும் "புதுசா போடாதீங்க, இந்த நம்பர் இருக்கு" என்று சொல்லவேண்டும். முதல் ஸ்கேன் சீட்டு தொலைந்தால் கணக்கு தவறுவது இருக்கட்டும், கடைசி மாதத்தில் நாள் தாண்டிவிட்டதா இல்லையா என்று டாக்டர் முடிவெடுக்கவே கஷ்டப்படுவார்.

கேள்வி: "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம், வெளியே சொல்லலாம்" என்கிறார் மாமியார். இது எந்த மூன்று மாதம்? (வாசகி, சயான் கோலிவாடா)

நல்ல கேள்வி, நான் இதற்காகவே காத்திருந்தேன்.

வீட்டில் எண்ணுவது நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து. டாக்டர் எண்ணுவது கடைசி மாதவிடாய் ஆரம்பித்த முதல் நாளிலிருந்து. இரண்டுக்கும் சுமார் நாலு வாரம் வித்தியாசம். நாள் தள்ளியது தெரியும்போதே டாக்டர் கணக்கில் நாலு வாரம் ஓடிவிட்டது. மாமியார் சொல்கிறபடி நாள் தள்ளி மூன்று மாதம் முடிந்து போனால் நீங்கள் 17-ஆவது வாரத்தில் இருப்பீர்கள். 12 வாரம் என்ற எல்லை, நாள் தள்ளிய பிறகு வெறும் இரண்டு மாதம்தான். அதிலும் மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கு, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தரித்தவர்களுக்கு, தெரியவே இரண்டு மாதம் ஆகிவிடும்.

கணக்கெடுக்கிறவர்களுக்குள்ளும் இதில் ஒற்றுமை இல்லை. பதிவேடு 12 வாரம் என்கிறது, அதாவது 84 நாள். ஆய்வில் மாதக்கணக்கில் கேட்கிறார்கள், மூன்று மாதம் என்றால் 91, 92 நாள். பல நாடுகளின் ஆய்வுகளில் நாலு மாதம் நிறையாதவர்கள் எல்லோரையும் "முதல் மூன்று மாதம்" என்றே சேர்த்துக்கொள்கிறார்கள். 13-ஆவது வாரத்தில் வந்த பெண் ஒரு கணக்கில் சீக்கிரம், ஒரு கணக்கில் தாமதம்.

வெளியே சொல்லாமல் இருப்பது உங்கள் குடும்பத்தின் விருப்பம், அதில் நான் தலையிடமாட்டேன். டாக்டரிடம் சொல்வது வெளியே சொல்வது ஆகாது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். முதல் செக்கப்பில்தான் ரத்த வகை, ஆர்.எச். பாசிட்டிவா நெகட்டிவா, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை, எச்.ஐ.வி., சிஃபிலிஸ் எல்லாம் பார்ப்பார்கள். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நாள்களுக்கான ஃபோலிக் அமிலம் ஆரம்ப வாரங்களில்தான் வேலை செய்யும், 17-ஆவது வாரத்தில் கொடுத்தால் அந்த வேலை முடிந்துபோயிருக்கும். பிரசவத் தேதியைச் சரியாகக் கணிக்கவும் ஆரம்ப ஸ்கேன்தான் நம்பகமானது. சிஃபிலிஸ் மாதிரி ஒன்று ஆரம்பத்தில் தெரிந்தால் ஊசியிலேயே தாயும் குணமாகலாம், குழந்தைக்கும் போகாது.

கேள்வி: பிரைவேட் கிளினிக்கில் பார்த்தால் கணக்கில் வருமா? (வாசகர், முலுண்ட்)

வீட்டு ஆய்வில் வரும், அது எங்கே பார்த்தீர்கள் என்று பிரிக்காமல் முதல் செக்கப் எப்போது என்று பார்க்கிறது. பதிவேட்டில் வருவது அந்த கிளினிக் மாநகராட்சிக்குத் தகவல் அனுப்புகிறதா என்பதைப் பொறுத்தது, நிறைய சின்ன கிளினிக்குகள் அனுப்புவதில்லை. வசதியுள்ள பகுதிகளில் பதிவேட்டு எண் குறைவாக இருக்க இதுவும் ஒரு காரணம். வீட்டிலேயே கிட் வாங்கி இரண்டு கோடு பார்த்தது செக்கப் ஆகாது.

கேள்வி: நாங்கள் ஒரு மகளிர் சுய உதவிக் குழு. எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) எத்தனை பெண்கள் சீக்கிரம் போகிறார்கள், யார் போவதில்லை என்று நாங்களே எண்ணலாம் என்று இருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது? (வாசகிகள், கோவண்டி)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அவ்வளவு சந்தோஷம். செய்யுங்கள், நிச்சயம் செய்யுங்கள்.

ஹெல்த் போஸ்ட் லிஸ்டிலிருந்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அதில் இருப்பவர்கள் ஏற்கெனவே போனவர்கள். முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை, மாடியில் வாடகைக்கு இருப்பவர், ஒரு மாதத்துக்கு முன் வந்தவர், பூட்டிய வீடு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள். பூட்டிய வீட்டுக்கு மறுபடி சாயங்காலம் போங்கள், பகலில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்தான் தாமதமாகச் செக்கப் போகிறவர்களாகவும் இருப்பார்கள், அவர்களை விட்டால் உங்கள் எண் அழகாக வரும், ஆனால் பயன் இருக்காது. ஊருக்குப் பிரசவத்துக்குப் போனவர்களைப் பக்கத்து வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடந்த ஒரு வருஷத்துக்குள் பிரசவமானவர்களையும் இப்போது கர்ப்பமாக இருப்பவர்களையும் எடுத்துக்கொண்டால் போதும், ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டாம், நினைவு மங்கிவிடும். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். இன்றைக்கு ஏழாவது வாரத்தில் இருந்து இன்னும் டாக்டரிடம் போகாதவளைத் தாமதமானவள் என்று எழுதக்கூடாது, அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சதவீதம் போடும்போது 12 வாரத்தைத் தாண்டியவர்களை மட்டும் சேருங்கள்.

கேட்கும்போது "எத்தனையாவது மாசத்தில போனீங்க" என்று கேட்காதீர்கள். தாய் சேய் கார்டைக் காட்டச் சொல்லி, கடைசி மாதவிடாய் தேதியையும் முதல் செக்கப் தேதியையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வாரத்தை நீங்கள் வீட்டுக்கு வந்து காலண்டரில் எண்ணலாம். கார்டு பெரும்பாலானவர்களிடம் இருக்கும். நாட்டளவில் பதிவான கர்ப்பங்களில் 96 சதவீதத்துக்குக் கார்டு கிடைத்ததாக அந்த ஆய்வே சொல்கிறது (இங்கேயும் "பதிவான" என்ற வார்த்தையைக் கவனியுங்கள்). கார்டு இல்லாதவர்களிடம் பண்டிகையை வைத்துக் கேளுங்கள்: கணபதி உற்சவத்துக்கு முன்னாலா, தீபாவளி முடிந்தா, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தெரிந்திருந்ததா, ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது வாந்தி இருந்ததா? பெண்கள் இந்த மாதிரி கேட்டால் தேதிக்கு ரொம்பப் பக்கத்தில் சொல்லிவிடுவார்கள்.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் கேட்காதீர்கள். கருச்சிதைவானவர்களிடம் தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்ட வேண்டாம். அந்த நோட்டில் பெயர் எழுதாமல் வீட்டு எண் போட்டு, ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் யாரும் படம் எடுத்துப் போடக்கூடாது. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் சரி என்று வந்துவிடுங்கள், ஆனால் அந்த வீட்டையும் ஒரு வரியாக எழுதுங்கள்.

கடைசியில் சதவீதம் போடுவது அரை மணி வேலை. 40 பேர் மட்டுமே இருந்தால் சதவீதமே வேண்டாம், "40 பேரில் 26 பேர்" என்று எழுதுங்கள், அது நேர்மையாக இருக்கும். அதைவிட முக்கியம் மீதி 14 பேர் ஏன் போகவில்லை என்ற பத்தி. ஒரு நாள் கூலி போய்விடும், காலை ஒன்பது மணி ஓ.பி.டி.க்கு (வெளிநோயாளி பிரிவுக்கு) வரிசையில் நிற்க முடியாது, மராத்தியில் பேசத் தெரியாது, மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது, ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது. இதெல்லாம் வெவ்வேறு காரணங்கள், வெவ்வேறு வேலைகள். மொழிதான் பிரச்சினை என்று ஐந்து பேர் சொன்னால், தமிழ் தெரிந்த ஆரோக்ய சேவிகா (சுகாதாரப் பணியாளர்) ஒருவரை வாரத்தில் ஒரு நாள் அனுப்பச் சொல்லி வார்டு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உங்கள் நோட்டை ஹெல்த் போஸ்ட் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள், எந்த வீட்டு எண்கள் அவர்களிடம் இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அந்தப் பெண்களின் சம்மதம் கேட்டுவிட்டு, துணைக்குப் போய் கார்டு போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 17 வயது. ஊரில் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். இப்போது கர்ப்பம். போலீஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போக மறுக்கிறார்கள். (வாசகி, ஆண்டாப் ஹில்)

இந்தப் பெண் எந்தக் கணக்கிலும் வராமல் போகக்கூடியவள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

பயம் காரணமில்லாமல் வரவில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் கர்ப்பமாக வந்தால் டாக்டர் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாகவேண்டும், கல்யாணமாகியிருந்தாலும் அப்படித்தான். பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், அதன் தேவை எனக்குத் தெரியும். ஆனால் விளைவு என்ன என்றும் பார்க்கவேண்டும்: வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், அல்லது எட்டாம் மாதம் வரை வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள், அல்லது யாரோ ஒருவரிடம் மாத்திரை வாங்குகிறார்கள். பதிவேட்டில் 19 என்று எழுதிய பெண் 16 வயதாக இருக்கலாம். சீக்கிரம் வந்தவர்கள் சதவீதத்தை வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது, இளவயதுக் கட்டத்தில் இருக்கும் எண்ணை நான் கடைசியாகத்தான் நம்புவேன்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான், அவளை மறைத்து வைக்க விடாதீர்கள். 17 வயது உடம்புக்கு ரத்தசோகையும் ரத்த அழுத்தமும் பெரியவர்களைவிட அதிக ஆபத்து. சிகிச்சை மறுக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் அதிகாரமில்லை. போவதற்கு முன்னால் 1098-க்கு, அதாவது குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்து, சட்டப்படி என்ன நடக்கும், யார் கூட வருவார்கள் என்று கேளுங்கள். அவளையும் தனியாகப் பேசவிடுங்கள், இந்தக் கல்யாணத்தில் அவளுக்கு விருப்பம் இருந்ததா என்று இதுவரை யாராவது கேட்டார்களா?

கேள்வி: தமிழ்நாட்டில் 77 என்றால் நாம் ஏன் இவ்வளவு பெருமைப்படுகிறோம்? கேரளாவைவிட, வெளிநாட்டைவிடக் குறைவுதானே? (வாசகர், வாஷி)

பெருமைக்கும் இடம் இருக்கிறது, வேலைக்கும் இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாலு முறையாவது செக்கப் போனவர்கள் 90 சதவீதம், நாட்டில் அது 58தான். ஆனால் பாருங்கள், நாட்டளவில் சீக்கிரம் ஆரம்பித்தவர்கள் 70, நாலு முறை முடித்தவர்கள் 58, பாதியில் நின்றுவிடுகிறார்கள். பீகாரில் 53 பேர் ஆரம்பித்து 25 பேர்தான் நாலு முறை போகிறார்கள். தமிழ்நாட்டில் தலைகீழ், 77 பேர் சீக்கிரம் ஆரம்பிக்க, 90 பேர் நாலு முறை போகிறார்கள். அதாவது நம் பெண்கள் போவதை நிறுத்துவதில்லை, ஆரம்பிப்பதில்தான் சிலர் தாமதம். பீகாருக்குத் தேவையான திட்டமும் நமக்குத் தேவையானதும் வேறு வேறு என்று இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்தால்தான் புரியும். உலக அளவில் சீக்கிரம் போனவர்கள் 1990இல் சுமார் 41 சதவீதம், 2013இல் சுமார் 59 என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. ஏழை நாடுகளில் அப்போதும் நாலில் ஒருவருக்குத்தான் அது கிடைத்தது.

கேள்வி: சேலத்திலிருந்து போன மாதம்தான் மும்பை வந்தோம். எனக்கு பத்தாவது வாரம். ஆதாரில் சேலம் முகவரி. இங்கே பதிவு செய்வார்களா? (வாசகி, காட்கோபர்)

செய்வார்கள். முகவரி மாற்றிவிட்டு வா என்று யாராவது திருப்பி அனுப்பினால், கர்ப்பிணியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று சொல்லி மேலே இருக்கும் மெடிக்கல் ஆபீசரைப் பாருங்கள். சேலத்தில் ஏற்கெனவே பிக்மி நம்பர் வாங்கியிருந்தால் அதையே காட்டுங்கள், இல்லையென்றால் இங்கே புதிதாக வாங்குங்கள். இந்த வாரமே போய்விடுங்கள், உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. கார்டு கைக்கு வந்ததும் கடைசி மாதவிடாய் தேதி சரியாக எழுதியிருக்கிறார்களா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.